கை வெச்சாச்சு

“…அதனால மீட்டரு பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல சார். லேட்டா சொல்லுதுன்றேன். அது எஞ்சினுக்கு முன்னாடி குந்திகினு கீது. சூடு பின்னாடி பொறக்குது. பின்கட்டுல நெருப்பு புடிச்சா வாசல்ல குந்தினு கீறவனுக்கு எப்ப தெரியும்? பொகை வந்தப்புறந்தான் தெரியும்.”

படகோடு வந்திருந்த இன்ஜினியர், சூடு காட்டுகிற தன் புது மீட்டரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா அவர் பதிலுக்கு நிற்கவில்லை. புடவைமேல் போட்டிருந்த நீலச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். முன்னாலிருந்து பின்னாலே நகர்த்திக்கொண்டே போனார். ஒவ்வோர் இடத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டார். கடைசி மூலையில் ஒன்றிலேயே கையை எடுத்துவிட்டார்.

“இங்க கீது,” என்றார்.

அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஷாம்பு பாக்கெட் ஒன்று சுருண்டு கிடந்தது. இன்ஜினியர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இது அக்காவின் கை நன்றாக இருந்த காலத்துக் கதை. பேரைச் சொல்ல மாட்டேன். ஷெட்டில் யாருமே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கும் அக்கா, வாட்ச்மேனுக்கும் அக்கா. வாட்ச்மேனுக்கு அவரைவிடப் பத்து வயது கூட.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் எங்கள் ஷெட். இந்தப் பக்கம் கார் சீட்டு தைக்கிற கம்பெனி, அந்தப் பக்கம் கார் கண்ணாடிக்கு ரப்பர் வார்க்கிற கம்பெனி, நடுவில் படகு ரிப்பேர். கன்டெய்னர் லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கிக் குரல் கொடுப்பார்கள்.

“இன்னாக்கா, படகு கீது, கடலு எங்க கீது?”

“வரும் நைனா. மழ மாசத்துல அதுவே உன் வூட்டுக்கு வரும்.”

சிரித்துக்கொண்டே போவார்கள். வெள்ளம் ஏறுகிற முடிச்சூர்ப் பக்கம் வீடு உள்ளவர்களாக இருந்தால் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொள்வார்கள்.

எங்களிடம் வந்தவை ஜெட் படகுகள். அடியில் விசிறி கிடையாது. வயிற்றுக்கடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சியடிக்கும், அந்த உந்தலில் ஓடும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் போகும். தண்ணீருக்குள் ஆள் இருந்தாலும் காலை வெட்டாது. அதனால் வெள்ளத்தில் ஜனங்களை மீட்கப் போகிற ஒரு குழு இந்த மாதிரி ஐந்து படகு வைத்திருந்தது, ஐந்தும் எங்களிடம்தான் வரும். உறிஞ்சுகிற தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு குழாய் பிரித்து எடுத்துக்கொண்டு போய் எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டை வாங்கி வெளியே தள்ளும். நல்ல தண்ணீரில் கவலையில்லை. ஆனால் வெள்ளத் தண்ணீர் தண்ணீராக மட்டுமா வருகிறது? மணல், கோரைப்புல், பால் கவர், செருப்பு வார் எல்லாம் வருகிறது. ஒன்று அடைத்துக்கொண்டால் போதும், எஞ்சின் கொதித்து நடு வெள்ளத்தில் நின்றுவிடும். படகில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அது நிற்காமல் பார்த்துக்கொள்கிற வேலை அக்காவுடையது. அவர் அதற்குமுன் ஸ்ரீபெரும்புதூரில் ரேடியேட்டர் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தவர். ரேடியேட்டரைத் தொட்டியில் அமுக்கி எங்கே காற்று வருகிறது என்று பார்க்கிற இடம். “பன்னெண்டு வருசம் குமிழி பாத்தேன். கனவு வந்தாக்கூட அதுலயும் மொதல்ல குமிழிதான் வரும், அப்புறந்தான் ஆளுங்க வருவாங்க,” என்பார். அங்கே ஒரு மெஷின் வந்து குமிழி பார்க்க ஆரம்பித்ததும் இங்கே வந்துவிட்டார்.

நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். மறைமலை நகரில் ஒரு கார் கம்பெனி லைனில் ஒன்பது வருடம் ஸ்க்ரூ முடுக்கிவிட்டு, முதுகு போய் இங்கே வந்தவள். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். சாப்பாடு சேர்ந்து, டீ சேர்ந்து, சாயங்காலம் ஷேர் ஆட்டோவும் சேர்ந்து. அவர் மணிமங்கலம் போவார், நான் அதற்குமுன் இறங்கிவிடுவேன். அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே சில நாள் கூட இரண்டு ஸ்டாப் போய்த் திரும்பி நடந்திருக்கிறேன்.

சூட்டில் நல்லது கெட்டது உண்டு என்று அவர்தான் சொன்னார். கை வைத்து மூன்று எண்ணுகிற வரைக்கும் தாங்கினால் நல்ல சூடு. ஒன்றிலேயே இழுத்துக்கொண்டால் கெட்ட சூடு. ஐந்து எண்ணியும் சுகமாக இருந்தால் அதுவும் கோளாறுதான், தண்ணீர் கணக்கில்லாமல் ஓடுகிறது. “எஞ்சினு கொஞ்சம் காயணும். மனுசனுக்கு காய்ச்சலும் கூடாது, ஜில்லுனும் ஆவக்கூடாது. ஜில்லுனு ஆனா தூக்கினு போவத்தான் ஆளு வரும்.”

முதலாளி ஒரு தடவை சூடு அளக்கிற துப்பாக்கி வாங்கி வந்தார். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அதற்கு அண்ணன் மாதிரி ஒன்று. அக்கா அதை வாங்கி ஒரே குழாயில் பெயின்ட் அடித்த இடத்தில் ஒரு தரம், பளபளப்பான இடத்தில் ஒரு தரம் பிடித்துக் காட்டினார். இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் காட்டியது.

“இன்னா சார் இது? மேக்கப்பு போட்டவளுக்கு ஒரு வயசு, போடாதவளுக்கு ஒரு வயசு சொல்லுது?”

முதலாளி சிரித்துவிட்டார். துப்பாக்கி என்னிடம் ஸ்டோர்ஸுக்கு வந்தது. பேட்டரி ஊறிப் போகும்வரை அங்கேயே கிடந்தது.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. யார் எந்த வேலை செய்திருந்தாலும் கடைசியில் அக்கா கை வைக்க வேண்டும். வைத்துவிட்டுப் படகின் பக்கவாட்டில் சாக்பீஸால் ‘கை வெச்சாச்சு’ என்று எழுதுவார். அதைப் பார்த்தால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். மீட்புக் குழுத் தலைவரும், மீசை நரைத்த முன்னாள் தீயணைப்புக்காரர், டிரெய்லரில் படகு ஏறும்போது அந்த எழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சேர்ந்தான். முப்பத்திரண்டு வயது இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள், படப்பையில் வாடகை வீடு. லாரி எஞ்சினில் கெட்டிக்காரன், படகு புதுசு. படகைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் தோட்டக் குழாயை மாட்டித்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதிலே ஒரு முறை உண்டு. முதலில் எஞ்சினை ஓடவிட்டு, பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால், ஓடாத எஞ்சினுக்குள் புகைக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும். வந்த முதல் வாரம் அவன் மாற்றிச் செய்துவிட்டான். சாவியைத் திருப்பினான், எஞ்சின் ‘டக்’ என்றது, அவ்வளவுதான்.

முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அக்கா பக்கத்தில் வந்து நின்று எஞ்சினைப் பார்த்தார்.

“தூங்கினு கீறவன் வாயில சொம்பு தண்ணிய கவுத்துட்ட தம்பி. எழுப்பிட்டு ஊத்தணும்.”

“எனக்கு யாரும் சொல்லலியேக்கா.”

“நீயும் கேக்கல, நாங்களும் சொல்லல. வா, பிளக்க கழட்டு.”

இரண்டு நாள் அவனோடு கூடவே நின்று தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் மாற்றி, ஓடவைத்தார். ஆனால் முதலாளி மனதில் அது நின்றுவிட்டது. அன்றிலிருந்து எது கெட்டாலும் அவன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்.

அக்காவின் கை எப்போது போனது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். குழுவின் படகு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கை வைத்துக்கொண்டே வந்தார். பின் மூலையில் நிதானமாக மூன்று எண்ணி எடுத்தார். பில் எழுத நான் போனபோது சும்மா, அவர் கை வைத்த இடத்தில் நானும் வைத்தேன். ஒன்றுகூட எண்ண முடியவில்லை.

“அக்கா, இது சுடுதே.”

“எங்க?”

“இப்ப நீங்க கை வெச்சீங்களே, அங்கதான்.”

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே வெளுத்துப் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உப்ப ஆரம்பித்தது. யாரோ பஸ்ஸில் விட்டுப்போன பொருளைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்தார்.

ஷேர் ஆட்டோவில் சொன்னார். சர்க்கரை வந்து ஏழு வருடம். முதலில் கால். “ஒரு நாளு மெயின் ரோடு வரிக்கும் நடந்து வந்துட்டேன். கீழ பாத்தா ஒரு கால்லதான் செருப்பு கீது. இன்னொன்னு எங்க கழண்டுதுன்னே தெரில. திரும்பிப் போயி தேடினா வூட்டு வாசல்லயே குந்தினு கீது, நாய் மாதிரி.” சிரித்தார். பிறகு விரல் நுனி. கோலமாவு எடுத்தால் கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் உள்ளங்கை.

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“போனது போனதுதான், கீறத காப்பாத்துன்னாரு.”

“அப்ப இவ்ளோ நாளா எப்படிக்கா பாத்தீங்க?”

“மணிக்கட்டுல பாப்பேன். இன்னிக்கு மறந்துட்டேன்.”

நான் இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தார். “இந்தக் கைய வெச்சுதான் அங்க நிக்கிறேன். கை போச்சுன்னா பெருக்கறதுக்குக்கூட ஆளு கீறாங்க. யார் கிட்டயும் சொல்லாத.”

நான் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, உடந்தையாகவும் ஆனேன். எஞ்சின் ஓடும்போது பழைய துணியோடு போய்த் துடைக்கிற மாதிரி முன்னால் முன்னால் கை வைத்துக்கொண்டு போவேன். கெட்ட சூடு என்றால் அக்காவின் முழங்கையில் இடித்துவிட்டுப் போவேன். அவர் அந்த இடத்தில் நின்று, யோசித்து, “இங்க கீது” என்பார். மழை மாசத்துக்கு முன்னால் அப்படி எட்டுப் படகு பார்த்தோம். எட்டும் ஓடின.

நான் பக்கத்தில் இல்லாத நேரங்களில் அவர் கன்னத்தை எஞ்சினுக்கு அருகே கொண்டுபோவார். ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். ஆண்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு கதை கட்டினார்கள். அக்கா இப்போதெல்லாம் தொடுவதுகூட இல்லை, காது கொடுத்துக் கேட்டே சொல்லிவிடுகிறார் என்று. பக்கத்து ரப்பர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அக்கா அவர்களைக் கண்டதும் கன்னத்தை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருக்குக் கிடைத்த பேர் ஏறிக்கொண்டே போனது, கை இறங்கிக்கொண்டே போனது. நாங்கள் இரண்டு பேரும் நடுவில் நின்றுகொண்டு சோற்றைப் பகிர்ந்து தின்றோம்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்: “பயமா இல்லியாக்கா? அதுல ஆளுங்க போவாங்கல்ல?”

“பயம் வரணும்னு எனக்கும் தெரியுது. வர மாட்டேன்னுது. மொதல்ல விரலு மட்டுந்தான் மரத்துப் போச்சுன்னு நெனச்சேன்.”

முருங்கைக்காயை எடுத்துச் சப்பினார்.

ஐப்பசி பிறந்து முதல் வாரம். என் நாத்தனார் மகளுக்குக் காது குத்து என்று ஒரு நாள் லீவு போட்டேன். போகும்போதே அக்காவிடம், “நாளைக்கு எதுவும் பாக்காதீங்க, நான் வந்துடறேன்” என்றேன். “சரி, நீ போயி மொய் எழுது” என்றார்.

குழுவின் ஐந்தாவது படகு அன்று திடீரென்று அவசரமானது. மறுநாள் ஏரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும், இன்றே கொடு என்றார்கள். தென்காசிக்காரன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்து மாட்டியிருந்தான். எஞ்சினை ஓடவிட்டார்கள், தண்ணீரைத் திறந்தார்கள். முதலாளி, குழுத் தலைவர், இன்னும் நாலு பேர் சுற்றி நின்றார்கள். கை வைப்பதைப் பார்க்கவே நின்ற அவர்கள் முன்னால் அக்காவால் கன்னத்தைக் கொண்டுபோக முடியவில்லை. மணிக்கட்டை வைத்தார். மணிக்கட்டும் போய்விட்டிருந்தது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லா இடத்திலும் மூன்று எண்ணினார். சாக்பீஸால் எழுதினார்.

ஏரி நடுவில் எஞ்சின் நின்றது. மீட்டர் முள் கடைசி நிமிடம் வரை ஒழுங்காக நின்று, பிறகு ஒரேயடியாகத் துள்ளியது. அதற்குள் எஞ்சினின் பின்பக்கம் உள்ளே இரும்போடு இரும்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. படகில் நாலு பேர், எல்லோருக்கும் நீச்சல் தெரியும், காற்றும் இல்லை. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையில் இறங்கியதும் குழுத் தலைவர், “இது வெள்ளத்துல நின்னிருந்தா…” என்று ஆரம்பித்து, தொடராமல் பேன்ட்டைப் பிழிந்தாராம்.

பிரித்துப் பார்த்ததில் பின் வளைவில் பால் கவர் துண்டு ஒன்று குழாய்ச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. ஊதினால் காற்று அதைத் தாண்டிப் போய்விடும். தண்ணீர் வேகமாக வந்தால்தான் மடங்கி அடைக்கும்.

முதலாளி யாரையும் கேட்கவில்லை. நேராகத் தென்காசிக்காரனிடம் போனார்.

“ஊதிப் பாத்தியா?”

“பாத்தேன் சார். கடவுளுக்குப் பொதுவா பாத்தேன். காத்து நல்லாத்தான் போச்சு.”

“அன்னிக்கு எஞ்சினுக்குள்ள தண்ணிய விட்ட. இன்னிக்கு இது. வியாழக்கிழமை வந்து சாமானை எடுத்துட்டுப் போயிடு.”

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா கை வைத்தால் தப்பாது என்று அவனும் நம்பினான். அதனால் தன்மேல்தான் தப்பு இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டான் என்று தோன்றுகிறது. “நான் ஒழுங்காத்தான் மாட்டுனேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.

திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று நாளைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. அக்கா வந்தார், வேலை செய்தார், சாப்பிட்டார். நானும் அப்படியே. ஷேர் ஆட்டோவில் சினிமாப் பாட்டு ஓடியது. செவ்வாய்க்கிழமை தென்காசிக்காரனின் மனைவி என் போனுக்கு அடித்து, பெரிய பெண்ணை ஸ்கூலில் இப்போதுதான் சேர்த்திருக்கிறோம், முதலாளியிடம் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார், நீங்கள் அக்காவிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். அக்காவிடம் சொன்னேன். அக்கா டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார், “இன்னா ஸ்கூலாம்?”

சொன்னேன்.

“பஸ்ஸு வருதா வூட்டாண்ட?”

“வருதாம்.”

“ம்,” என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

நான் சொல்லியிருக்கலாம். முதலாளி அறை பத்தடி தூரம். என் வாயால் சொல்ல வேண்டிய கதை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் துணியும் இந்தக் கையும் என்னுடையவைதான் என்பது நினைவுக்கு வந்தபோதெல்லாம் ஸ்டோர்ஸில் போல்ட்டுகளை எடுத்து எண்ணி மறுபடி அதே டப்பாவில் போட்டேன். உள்ளே ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை, தூக்கமும் கெடவில்லை. அக்கா சொன்னது இதைத்தானா என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை மழை பிடித்திருந்தது. புது எஞ்சின் வைத்து அதே படகு தயாராக நின்றது. தாம்பரம் தாண்டி ஏரி நிரம்புகிறது, மறுநாள் தேவைப்படலாம் என்று குழுத் தலைவர் வந்திருந்தார். தென்காசிக்காரனும் வந்து ஓர் ஓரத்தில் தன் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரைத் திறந்தார்கள்.

“வாங்கக்கா, கை வெச்சுடுங்க,” என்றார் முதலாளி.

அக்கா எழுந்து வரவில்லை. டீ கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தார்.

“ரெண்டு சில்வர் டம்ளர் எடு. ஒண்ணுல இப்ப வந்த டீ ஊத்து, ஒண்ணுல தண்ணி ஊத்து. எதுல எதுன்னு எனக்கு சொல்லாத.”

எனக்குப் புரிந்துவிட்டது. ஊற்றினேன். அக்கா கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டினார். டீயை இடது கையில் வைத்தேன், தண்ணீரை வலது கையில். விரல்களை மடக்கி நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

“என்னக்கா விளையாட்டு, மழை வருது,” என்றார் முதலாளி.

“விளையாட்டு இல்ல சார். டீ எந்தக் கையில கீது?”

“லெஃப்ட்ல. ஆவி பறக்குது பாருங்க.”

“நீங்க சொன்னாதான் தெரியுது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கனம் மட்டுந்தான் தெரியுது.”

கண்ணை மூடியபடியே பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் ஏற்ற இறக்கம் இல்லை. எத்தனை டெம்போ வந்தது என்று வாட்ச்மேனிடம் கேட்கிற குரல். “கால்லேந்து ஏறி வந்தது சார் இது. வெரலு போச்சு, உள்ளங்கை போச்சு. அன்னிக்கு அந்த படகுல மணிக்கட்டாலதான் பாத்தேன், அதுவும் போயிருக்கு. அடைப்பு யாரு வேணா உட்டுடலாம். ஊதினாலும் தெரியாத அடைப்பு அது. அத புடிக்கத்தான் கடைசில ஒரு கை வெச்சுக்கறோம். புடிக்காம உட்டது நான். இவன் இல்ல.”

இடது கை விரல்கள் சிவந்துகொண்டே வந்தன. குழுத் தலைவர்தான் ஓடிவந்து டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கினார். சூடு பட்டுத் தன் கையை உதறிக்கொண்டார். டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில்தான் அக்கா கண்ணைத் திறந்தார்.

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியும் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். தரையில் டீ ஓடி மழைத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். தென்காசிக்காரன் கையில் ஒரு ஸ்பேனரோடு அப்படியே நின்றான்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் ஒழுங்காக வந்து விழுந்தது.

“அப்ப இந்தப் படகு?” என்றார் குழுத் தலைவர், யாரிடம் என்றில்லாமல்.

“நாளைக்குப் போணுமா?” என்றார் அக்கா.

“போணும்.”

அக்கா வலது கையில் மிச்சமிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். தென்காசிக்காரனிடம் போனார். அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவன் மணிக்கட்டைப் பிடித்துப் படகுக்கு அழைத்து வந்து, அவன் உள்ளங்கையை விரித்து எஞ்சினின் பின் மூலையில் வைத்தார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி நின்றார்.